இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஒரு மணித்தியாலம்

கொழும்பில் விமான ரிக்கற் விற்ற கந்தோரில், சுவரில் ஓர் இலங்கைப் படம் ஒட்டியிருந்தார்கள். இரத்மலானையில் ஒரு சிவப்புப் புள்ளி. பலாலியில் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டுக்கும் நடுவில் அடிமட்டம் வைத்துக் கீறிய நேர்கோடு. மேசைக்குப் பின்னால் இருந்த பெடியன் பெருமையாகச் சொன்னான்: "முந்நூறு கிலோமீற்றர் வருமக்கா. ஒரு மணித்தியாலம். கண்ணை மூடி முழிக்க பலாலியில நிப்பீங்கள்."

நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது கிளிநொச்சிக்குக் கிட்டத்தால், ஏறத்தாழ எங்கள் கூரைக்கு மேலால் போயிற்று. கூரை என்று சொன்னது மரத்தில் இழுத்துக் கட்டிய தறப்பாளை. அதற்குக் கீழே ஸ்கந்தபுரத்தில் என் புருசனும் மூன்று வயதாகப் போகிற மகனும் இருந்தார்கள். கோட்டின் மேல் நுனிக்குப் பக்கத்தில், சாவகச்சேரியில், என் மகள் இருந்தாள். அவளைக் கூட்டி வரத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தறப்பாளிலிருந்து அவள் இருந்த வீட்டுக்கு அறுபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பாதை திறந்திருந்த காலத்தில் காலையில் சைக்கிளை எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நானோ வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஒரு மாதத்துக்கு மேல் அலைந்து, போக வேண்டிய இடத்துக்கு முன்னைவிட ஐந்து மடங்கு தூரத்தில் வந்து நின்றேன். பெடியனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். பகிடி என்று நினைத்திருப்பான்.

மகள் எப்படி அங்கே நின்றாள் என்பதைச் சொல்ல வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் என்று என்னை ஊரில் சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். அவர்கள் வீட்டில் அம்மாள் வரவில்லை.

தொண்ணூற்றைந்தின் கடைசியில், இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் தெருவில் இறங்கியபோது நாங்களும் இறங்கினோம். சாவகச்சேரியில் அக்கா வீட்டில் ஒதுங்கினோம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை; சந்தையடியில் அத்தானுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. அந்த வீட்டு விறாந்தையில் மட்டும் மூன்று குடும்பங்கள் படுத்தன. என் புருசனுக்குக் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் முரசுமோட்டையில் தகப்பன் வழிக் காணி இருந்தது. வயலைச் செய்து பிழைக்கலாம் என்று அவர் முதலில் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போய்விட்டார். சித்திரை மாதம் நாங்களும் போவதென்று வள்ளக்காரனிடம் சொல்லி வைத்தாயிற்று. மகனுக்கு அப்போது பால்குடி வயது. மகளுக்கு நாலு வயது.

போக இரண்டு நாள் இருக்கும்போது மகளின் முதுகில் நீர்க்கொப்பளம் கண்டது. கொப்பளிப்பான் என்று டொக்டர் சொல்லுவார். எங்களுக்கு அது அம்மாள். அம்மாள் வந்துவிட்டால் பிள்ளைக்கு வேப்பிலையில் படுக்கை, வாசலில் வேப்பிலைக் கொத்து. அடுப்பில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. மூன்று தரம் தண்ணீர் வார்த்து முடியும்வரை பிள்ளையைப் படலைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் வார்க்காத பிள்ளையைக் கடல் கடத்துவதை யாரும் வாயால் சொல்லக்கூட மாட்டார்கள். வள்ளக்காரன் கேள்விப்பட்டால் ஏற்றவும் மாட்டான்.

அக்கா சொன்னா: "இவளை இஞ்ச விடு. கைப்பிள்ளைக்குத் தொத்தினால் அது தாங்காது. நீ அவனைத் தூக்கிக்கொண்டு போ. மூண்டாம் தண்ணி வார்த்த அடுத்த நாள் நானே கொண்டந்து தாறன்."

விறாந்தையில் இருந்த எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். எனக்கும் சரியென்றே பட்டது. இன்றைக்கு யாராவது வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். மகளிடம் ஒரு கிழமையில் வந்துவிடுவாய் என்று சொல்லி, தொடாமல், வேப்பிலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனேன். முதல் தண்ணீர் வார்த்தார்கள். இரண்டாம் தண்ணீரும் வார்த்தார்கள். மூன்றாம் தண்ணீரை அக்கா வார்க்கும்போது இராணுவம் ரோட்டால் போய்க்கொண்டிருந்ததாம். கிளாலி பூட்டியாயிற்று. கடலுக்கு அந்தப் பக்கம் இராணுவத்தின் நாடு, இந்தப் பக்கம் இயக்கத்தின் நாடு. என் இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்கும் ஓரிடத்தில் இருக்க வாய்க்கவில்லை. கிளிநொச்சியும் இராணுவத்திடம் போனது, முரசுமோட்டையில் முளைத்த நெல்லை அப்படியே விட்டுவிட்டு ஸ்கந்தபுரத்துக்கு ஓடினோம். யாரோ ஒருவரின் மாந்தோப்பில் தறப்பாள் கட்டினோம். மகனுக்கு மலேரியா வந்து போய், திரும்ப வந்தது. அக்காவின் கடிதங்கள் வவுனியாவைச் சுற்றி மாதக் கணக்கில் வந்தன. மகள் பள்ளிக்கூடம் போகிறாள், பல் விழுந்துவிட்டது, பல் முளைத்துவிட்டது. விழுந்த கடிதமும் முளைத்த கடிதமும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன.

இப்படி இரண்டு வருசம். அப்போதுதான் வவுனியா போய் வந்த ஒருவர் சொன்னார்: "யாழ்ப்பாணத்துக்கு இப்ப பிளேன் ஓடுது தங்கச்சி. சனத்தையும் ஏத்துறாங்கள். காசு கட்டினால் போகலாம்."

எங்கள் பக்கத்தில் பிளேன் என்றால் வேறு சங்கதி. சத்தம் கேட்டால் எரிகிற அடுப்பை விட்டுவிட்டுப் பங்கருக்குள் விழுவோம். என் மகன் "அம்மா"வுக்கு அடுத்தபடியாகப் படித்த சொல் பங்கர். காசு கட்டிப் பிளேனில் ஏறுவது என்பதை அவருக்கு முன்னால் நான் இரண்டு தரம் திருப்பிக் கேட்டேன்.

நாங்கள் இருந்த வன்னியை விட்டு வெளியே போவதற்கு இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்கப் பிணை நிற்க ஆள் வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் எங்கும் போக முடியாது. போனவர் வராமலே விட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். பாஸ் கந்தோரில் இருந்த பிள்ளைக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம்.

"ஏன் போறீங்கள் அக்கா?"

"பிள்ளையைக் கூட்டிவர."

"கூட்டிக்கொண்டு இஞ்ச வருவீங்களோ, அங்கயே நிண்டுபோடுவீங்களோ?"

"என்ர மற்றப் பிள்ளை இஞ்சதானே நிக்குது."

"அப்பிடிச் சொல்லிப்போட்டுப் போன ஆக்கள் கனபேர். புருசன் நிக்கிறது காணாது. வெளியாள் ஒராள் பிணைக்கு வேணும்."

பிணை நின்றவர் என் புருசனின் தமையன். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. வெட்டி எடுப்பதற்கு வவுனியா போக அவரும் பாஸ் கேட்டிருந்தார். எனக்குப் பிணை நின்றால் நான் திரும்பும்வரை அவர் அசைய முடியாது. அது தெரிந்தும் வந்து கையெழுத்து வைத்தார். "பிள்ளையைக் கொண்டு வா. அதுவரைக்கும் மற்றக் கண்ணால பார்த்துக்கொண்டிருப்பன்" என்றார். மூன்று மாதத்துக்குப் பாஸ் கிடைத்தது.

ஓமந்தைப் பக்கம் சண்டை நடந்ததால் கண்டி வீதியால் வவுனியாவுக்குப் போக முடியாது. வவுனியாவுக்குப் போக முதலில் மன்னார்ப் பக்கம் போக வேண்டும். உழவு மெசின் பெட்டியில், பிறகு ஒருவரின் சைக்கிள் கரியரில், பிறகு நடை, உயிலங்குளத்தில் இராணுவத்தின் சோதனை. அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் விட்டார்கள். வகுப்பறைச் சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் இருந்தது. அதற்குக் கீழே பாயை விரித்து, கூப்பிடும்வரை இருந்தோம். கூப்பிடுவது அவர்களின் மனத்தைப் பொறுத்தது.

என்னைக் கூப்பிட்ட அதிகாரி நல்லாகத்தான் கதைத்தான். மொழிபெயர்க்க ஓர் ஐயா பக்கத்தில் இருந்தார். யாழ்ப்பாணம் போக வேண்டும் என்றேன். அதிகாரிக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணம் வடக்கே அல்லவா இருக்கிறது, இவள் ஏன் தெற்கே வந்தாள் என்று கேட்கிறார் என்றார் ஐயா.

"அவரிட்டச் சொல்லுங்கோ, வழியை விட்டால் நான் வந்த வழியாலயே போயிடுவன் எண்டு."

ஐயா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சிங்களத்தில் சொன்னார். நான் சொன்னதைவிட அது நிச்சயமாக மரியாதையாக இருந்திருக்கும். அதிகாரி தலையை ஆட்டினான். அங்கேயும் என்னைப் பொறுப்பெடுக்க ஓர் ஆள் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. புருசனுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கடைக்காரர் வந்து வைத்தார். வன்னியில் ஒருவர் எனக்குப் பிணை, வவுனியாவில் இன்னொருவர் பிணை. ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்க்கப் போவதற்கு இரண்டு ஆம்பிளைகள் அடகில் இருந்தார்கள்.

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு லொட்ஜ். பொலிசில் பதிவு. பிறகு யாழ்ப்பாணம் போக அனுமதி வரும்வரை காத்திருப்பு. என்னோடு ஒரே அறையில் இருந்தவா லண்டனில் இருக்கும் மகனிடம் போகக் காத்திருந்தா. பன்னிரண்டு மணித்தியாலம் பறக்க வேண்டுமாம், கால் வீங்குமாம், எப்படித்தான் இருக்கப்போகிறேனோ என்று ஒவ்வொரு நாளும் முறையிட்டா. "உங்களுக்கென்ன, ஒரு மணித்தியாலம்தானே" என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சும் விட்டா. அவா எனக்கு முதல் போய்ச் சேர்ந்துவிட்டா. பிறகு இரண்டு கிழமை அந்தக் கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

ஒருவழியாக எனக்கும் நாள் வந்தது. கழுத்தில் கிடந்தது ரிக்கற்றாக மாறிவிட்டது. அந்தக் கதை வேண்டாம். இரத்மலானையில் பையைத் தராசில் வைத்தார்கள், பிறகு என்னையும் ஏறச் சொன்னார்கள். என் நிறையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வன்னிச் சாப்பாடு பிள்ளை, இவ்வளவுதான் தேறும் என்று சொல்ல வாய் வந்தது.

பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணக் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் வேலை செய்யும் ஓர் உத்தியோகத்தர். அடிக்கடி போய்வருகிறவர், ஏறியவுடன் பேப்பரை விரித்துவிட்டார். இயந்திரம் இரையத் தொடங்கிற்று. அதுவரை எனக்குப் பயம் எதுவும் இல்லை. அந்த இரைச்சல் கூடிக் கூடி வர, என் கால்கள் தாமாகவே மடங்கின. பெல்ற் இல்லாவிட்டால் நான் இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் நிலத்தில் குப்புறப் படுத்திருப்பேன். தலையை முழங்காலுக்குள் வைத்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினேன். மகனுக்கு நான்தான் பழக்கியது. காதைப் பொத்து, வாயைத் திற. விமானத்துக்குள் இருந்துகொண்டு விமானத்துக்குப் பயந்து வாயைத் திறந்துகொண்டிருந்தேன்.

"என்ன தங்கச்சி, முதல்தரமோ?" என்றார் அவர். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஒரு மணித்தியாலம்."

மேலே போய்ச் சமமானதும் எனக்கு வெட்கமாக இருந்தது. யன்னல் மூடிகளைத் திறக்க விடவில்லை. இப்போது கீழே எங்கள் இடம் வருமோ என்று அவரிடம் கேட்டேன்.

"எந்த இடம்?"

"ஸ்கந்தபுரம்."

அவர் குரலைத் தணித்தார். "வன்னிக்கு மேலால ஓடுறேல்லை தங்கச்சி. சுட்டுப்போடுவாங்கள். கடல்பக்கத்தால சுத்தித்தான் போறது."

கந்தோர்ச் சுவரில் கீறியிருந்த கோடு பொய். அந்தக் கோட்டைப் பார்த்த நாளிலிருந்து நான் கனவு கண்டிருந்தேன். ஓர் இமைப்பொழுது எங்கள் தறப்பாளுக்கு மேலால் போவேன், மகன் ஓடிப் பங்கருக்குள் ஒளிப்பான், அது அம்மா போகிற பிளேன் என்று அவனுக்குத் தெரியாது என்றெல்லாம். ரோட்டு, கடல், ஆகாயம் எல்லாம் எங்களை விலத்தித்தான் போயின. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அவர் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஒரு தோடம்பழ இனிப்புத் தந்தார்.

பலாலியிலிருந்து கண்ணாடி மூடிய பஸ்ஸில் ஏற்றி யாழ்ப்பாணத்தில் விட்டார்கள். சாவகச்சேரிக்குப் போய்ச் சேர மத்தியானம் திரும்பிவிட்டது. படலையைத் திறந்தபோது முற்றத்தில் ஒரு பிள்ளை வெள்ளைச் சட்டையோடு நின்று கோழிக்கு அரிசி எறிந்துகொண்டிருந்தது. தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தது. என் பிள்ளை இவ்வளவு உயரமா என்று எனக்குச் சந்தேகம். புருவத்துக்கு மேலே ஒரு பள்ளம் தெரிந்தது. நான் கொப்பளமாகப் பார்த்துவிட்டுப் போனது, ஆறித் தழும்பாகிவிட்டது.

அவள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்: "பெரியம்மா, ஆரோ வந்திருக்கினம்."

அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக் குழறினா. மகள் அரிசி அளக்கிற சுண்டோடு நின்றாள். "அம்மாடி, உன்ர அம்மா" என்று அக்கா தள்ளிவிட்டபோது இரண்டடி வைத்து நின்றுவிட்டு, "தம்பி வரேல்லையோ?" என்று கேட்டாள். அக்கா ஒன்றையும் மறக்க விடவில்லை. அதற்காக நான் அக்காவுக்கு நன்றியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் பிள்ளைக்கு என்னைப் பாடமாக்கிக் கொடுக்க இன்னொருவர் வேண்டியிருந்தது என்ற எரிச்சல்.

மூன்றாம் நாள் என்னிடம் தலைவாரக் கொடுத்தாள். பிறகு என்னோடு படுத்தாள். கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அவளுக்கு விமான அனுமதி எடுக்க அத்தான் அலைந்துகொண்டிருந்தார். அப்பாவைப் பற்றி, மாந்தோப்பைப் பற்றிச் சொன்னேன். பங்கரைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒரு பின்னேரம் கிணற்றடியில் அவளைக் குளிக்க வார்த்துவிட்டு முற்றத்தால் கூட்டி வந்தேன். பலாலிக்கு வருகிற பிளேனின் சத்தம் கேட்டது. "பிளேன், பிளேன்!" என்று அவள் கையை உதறிக்கொண்டு முற்றத்து நடுவுக்கு ஓடி, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. பாய்ந்து போய் அவளை இழுத்து நிலத்தில் விழுத்தி, அவளுக்கு மேலே குப்புற விழுந்து தலையை அமத்திப் பிடித்துக்கொண்டேன். பிளேன் போய்விட்டது. குண்டு விழவில்லை. எனக்குக் கீழே பிள்ளை மூச்சு முட்டக் கத்திக்கொண்டிருந்தது.

எழும்பியபோது முழங்கால் இரண்டும் உரஞ்சி இரத்தம். என்னைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்ப் பெரியம்மாவின் சீலைக்குள் முகத்தைப் புதைத்தாள். "அவா என்னை விழுத்திப்போட்டா" என்று விக்கினாள். அம்மா என்று சொல்லவில்லை. அவா.

அக்கா காயத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னா: "அங்க கொண்டுபோய் இதைத்தானே பழக்கப்போறாய்?"

நான் கத்தினேன். அயல் முழுக்கக் கேட்கக் கத்தினேன். "உமக்குப் பிள்ளை இல்லையெண்டு என்ர பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கப் பாக்கிறீரோ?" சொல்லக் கூடாத கதைதான். ஆனால் அந்த நேரம் எனக்கு வேறு கதை வரவில்லை. அக்கா பதிலுக்குக் கத்தவில்லை.

"நீ இஞ்சயே நில்லன்" என்றா.

"பெடியன்?"

"அவரும் பெடியனும் பிறகு ஒரு வழியால வரட்டும்."

"எந்த வழியால? வழி எங்க கிடக்கு? எனக்காகப் பெரியத்தான் பிணை நிக்கிறார். ஒரு கண் தெரியாத மனுசன். நான் போகாட்டில் அவரை என்ன செய்வாங்களெண்டு ஆருக்குத் தெரியும்?"

எங்களைப் போல ஆட்களிடம் பதில் இல்லாத கேள்விகளைக் கேட்டு, எங்களையே ஒருவரையொருவர் கடிக்க வைத்தார்கள். வழியைப் பூட்டியவர்கள் ஒருவரும் அன்று அந்த முற்றத்தில் நிற்கவில்லை. நானும் அக்காவும்தான் நின்றோம்.

அடுத்த நாள் காலை மகள் பள்ளிக்கூடம் போனாள். சப்பாத்து, வெள்ளைச் சட்டை, முழங்காலில் இரண்டு பிளாஸ்ரர். அவளுடைய பள்ளிக்கூடத்துக்குச் சுவரும் ஓடும் இருந்தன. ஸ்கந்தபுரத்தில் பிள்ளைகள் மரத்துக்குக் கீழே மண்ணில் இருந்து படித்தார்கள். மழை பெய்தால் லீவு, குண்டு போடுகிற கிபிர் வந்தாலும் லீவு. மலேரியாக் குளிசைக்கு வரிசையில் நிற்க வேண்டும். மகனுக்குக் காய்ச்சல் அடித்தபோது அவன் பல் கிட்டிக் கிடந்தது எனக்குக் கண்ணுக்குள் நின்றது. படலையைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கை திரும்பும்வரை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தானை அலைய வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றேன் அக்காவிடம். "நான் அவளைக் கொண்டுபோகேல்லை."

அக்கா அழுதா. அந்த அழுகைக்குள் ஒரு துளி சந்தோசமும் இருந்தது. என் கண்ணில் அது பட்டுவிட்டது. அக்காவை அடிக்க வேண்டும்போல இருந்தது. காலில் விழவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் உடுப்பை அடுக்கினேன்.

வெளிக்கிட்ட அன்று காலை மகள் படலைவரை வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ கேட்டாள், நானும் சொன்னேன். அத்தான் சைக்கிளில் என்னைப் பஸ் எடுக்கக் கொண்டுபோனார். பிறகு அதே பலாலி, அதே தராசு, அதே மூடிய யன்னல். திரும்பும்போது இயந்திரம் இரைந்தது எனக்குக் கேட்கவே இல்லை. கொழும்பு, வவுனியா, கடைக்காரரின் பிணையை விடுவித்தது, உயிலங்குளம். திரும்பிப் போகிறவளை யாரும் அவ்வளவாகத் தடுக்கவில்லை. ஆனாலும் பாதை நாள் குறிக்காமல் திறந்து மூடிற்று. மூன்று மாதத் தவணை முடியச் சில நாட்களுக்கு முதல்தான் வன்னிக்குள் கால் வைத்தேன்.

ஒரு பின்னேரம் ஸ்கந்தபுரத்தில் உழவு மெசின் பெட்டியிலிருந்து இறங்கினேன். சந்தியில் என் புருசன் சைக்கிளோடு நின்றார். யாரோ முந்தி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிளின் முன்பாரில் பலகையில் ஒரு சின்ன இருக்கை செய்து பூட்டியிருந்தார். பழைய சீலைத் துண்டைச் சுற்றி மெத்தையாக்கியிருந்தார். நேராக மெசின் பெட்டிக்குப் போய், சில்லில் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிள்ளை அதற்குள் நித்திரையாக இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். சாக்கு மூட்டைகளையும் பார்த்தார். பிறகு இறங்கினார்.

"கொண்டுவரேல்லை" என்றேன். "அங்க நிக்கட்டும். பள்ளிக்கூடம் போறாள்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நானும் ஏசி ஆறியிருப்பேன்.

"வளந்திட்டாளோ?"

"ஓம். என்ர நாரிக்கு மேல" என்று இடுப்பில் கை வைத்துக் காட்டினேன்.

"வெளிக்கிடேக்க அழுதவளோ?"

"அழேல்லை. எனக்குப் பிளேனில எவ்வளவு நேரமெண்டு கேட்டவள்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒரு மணித்தியாலம் எண்டனான். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை."

"அதுக்கு?"

அந்தக் கேள்வியைக் கொழும்பிலும் வவுனியாவிலும் ஒருவரிடமும் சொல்லாமல் கொண்டுவந்திருந்தேன்.

"அப்ப பின்னேரம் வந்திடுவீங்களோ அம்மா எண்டு கேட்டாள்."

அவர் சைக்கிளை நிறுத்தினார்.

"நான் ஓம் எண்டிட்டன்" என்றேன். "வேற என்னத்தைச் சொல்லுறது?"

அவர் மேற்கே பார்த்தார். மாந்தோப்புக்குப் பின்னால் வெயில் தணிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து எத்தனையாம் திகதி வெளிக்கிட்டாய் என்று கேட்டார். சொன்னேன். வாய்க்குள் ஏதோ எண்ணினார்.

"அப்ப இந்த ஒரு மாதமும்," என்றார், "இந்த நேரத்துக்குப் பிள்ளை படலையில நிக்கிறாள்."